நம் சாக்கடை போய்ச் சேரும் ஊர்: வின்னிபெக் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள வின்னிபெக் தமிழ்க் குடும்பங்களுக்கு,

வணக்கம். தண்ணீர் பில்லில் சாக்கடைக் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது என்று நம் வாட்ஸாப் குழுக்களில் நிறைய கோபம் தெரிகிறது. மளிகை விலை, வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் சேர்ந்து கழுத்தை நெரிக்கும் நேரத்தில் அந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பேச்சில் எங்குமே வராத ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊரைப் பற்றிச் சொல்லத்தான் இந்த மடல்.

டன்னட்டார் என்பது அதன் பெயர். நகரத்திலிருந்து வடக்கே ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். செல்கிர்க்கைத் தாண்டி, ஜூலையில் மஞ்சள் மஞ்சளாகக் கிடக்கும் கனோலா வயல்களையும் தாண்டிப் போனால் திடீரென்று மரங்கள் அடர்த்தியாகும். அவற்றுக்கு அப்பால் வின்னிபெக் ஏரி. எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாது. பலர் வழியில் நிற்காமல் நேராக வின்னிபெக் பீச்சுக்கோ கிம்லிக்கோ போய்விடுவதால் இந்த ஊரைக் கவனித்திருக்க மாட்டீர்கள். மேட்லாக், வைட்வோல்ட், போனிமா என்ற மூன்று கரைக் குடியிருப்புகள் சேர்ந்ததுதான் டன்னட்டார். மானிடோபா சட்டப்படி இன்றும் அது 'கிராமம்'தான். வருடம் முழுவதும் அங்கேயே குடியிருப்பவர்கள் ஆயிரம் பேர்கூட இல்லை. கோடையில் காட்டேஜ்காரர்கள் வந்து இறங்கும்போதுதான் ஊர் நிறையும். அவர்களும் வாக்களிக்க வசதியாக அங்கே ஊராட்சித் தேர்தலையே ஜூலையில் வைக்கிறார்கள்.

அந்த ஊரின் அடையாளம் மரப்பாலங்கள். கரையிலிருந்து ஏரிக்குள் நீளும் ஒல்லியான நடைபாலங்கள், கம்பங்கள் மேல் பலகை அடித்தவை. ஏரி உறைந்தால் பனிக்கட்டி அவற்றை நசுக்கிவிடும். அதனால் இலையுதிர் காலத்தில் பலகை பலகையாகக் கழற்றிக் கரையேற்றுகிறார்கள். வசந்தத்தில் பனி உருகியதும் மறுபடி கட்டுகிறார்கள். எத்தனையோ தலைமுறையாக இது நடக்கிறது. இவ்வளவு பாடுபட்டு ஒரு பாலத்தைக் கட்டுவது எதற்கு? அங்கே ஏரி ஆழமில்லாதது. கொஞ்சம் உள்ளே போனால்தான் பிள்ளைகள் குதிக்கலாம், நீந்தலாம். அந்த ஊர் ஏரியோடு எவ்வளவு ஒட்டிக்கொண்டு வாழ்கிறது என்பதற்கு எனக்கு இதைவிடப் பெரிய சாட்சி தெரியவில்லை.

இப்போது அந்த ஏரியின் நிலைமைக்கு வருகிறேன். பரப்பளவில் உலகின் பத்தாவது பெரிய நன்னீர் ஏரி இது, சுமார் 24,500 சதுர கிலோமீட்டர். ஆனால் பரப்புக்கு ஏற்ற ஆழம் கிடையாது. சராசரி 12 மீட்டர்தான். டன்னட்டார் இருக்கும் தென்பகுதியில் அதைவிடவும் குறைவு. நான்கு கனடிய மாகாணங்கள், நான்கு அமெரிக்க மாநிலங்கள் என்று ஏறக்குறைய பத்து லட்சம் சதுர கிலோமீட்டர் நிலத்தின் தண்ணீர் இதில் வந்து விழுகிறது. ராக்கி மலையின் பனி உருகல் முதல் வடக்கு டகோட்டாவின் சோயா வயல் வடிகால் வரை எல்லாமே இங்கேதான் வருகிறது. இத்தனை பெரிய நிலத்துக்கு இத்தனை ஆழமற்ற ஏரி என்பதுதான் சிக்கலின் வேர்.

அப்படி வரும் தண்ணீரோடு பாஸ்பரஸும் வருகிறது. வயலில் போட்ட உரம், பன்றிப் பண்ணைக் கழிவு, நகரங்களின் சாக்கடை எல்லாவற்றிலும் அது உண்டு. பயிருக்கு உணவாவது போலவே பாசிக்கும் அது உணவு. வெயில் ஏறி, காற்றும் அடங்கியிருக்கும் நாள்களில் நீலப்பச்சைப் பாசி பெருகி மேலே மிதக்கிறது. வடக்குக் காற்று அதைத் தெற்கே தள்ளிக் கொண்டுவந்து கரையில் சேர்க்கிறது. பச்சை பெயின்ட் கொட்டியது போல் தண்ணீர் கெட்டியாகிவிடும். அழுகும்போது வரும் நாற்றம் தாங்க முடியாது. சில வகைப் பாசி நஞ்சையும் விடும். அந்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. சிறு பிள்ளைகளுக்கும், தண்ணீரை நக்கிக் குடிக்கும் நாய்களுக்கும்தான் ஆபத்து அதிகம். ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: கரையில் எச்சரிக்கைப் பலகை இல்லாவிட்டாலும், தண்ணீர் அப்படிப் பச்சையாகத் தெரிந்தால் பிள்ளைகளை இறக்காதீர்கள். பலகை வருவதற்குள் பாசி முந்திக்கொள்ளும்.

2013-இல் குளோபல் நேச்சர் ஃபண்ட் என்ற அமைப்பு இந்த ஏரியை அந்த ஆண்டின் 'அச்சுறுத்தலுக்கு உள்ளான ஏரி' என்று அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் டன்னட்டாருக்கு அடுத்த ஊரான வின்னிபெக் பீச்சின் துறைமுகம் உட்பட சில இடங்களில் ஜீப்ரா மஸ்ஸல் என்ற அயல்நாட்டுச் சிப்பி கண்டுபிடிக்கப்பட்டது. மறு ஆண்டு துறைமுகங்களில் பொட்டாஷ் கலந்து அழிக்கப் பார்த்தார்கள். அதற்குள் அது ஏரிக்குள் பரவிவிட்டது. இன்று மணலில் வெறுங்காலோடு நடந்தால் அதன் ஓட்டுச் சில்லு காலைக் கிழிக்கும். சிப்பியை இனி யாராலும் திரும்ப அனுப்ப முடியாது. பாஸ்பரஸ் விஷயம் அப்படி இல்லை. அதில் ஒரு பங்கு நம் கையில் இருக்கிறது.

பாஸ்பரஸ்தான் குற்றவாளி என்பதை உலகுக்கு நிரூபித்த இடம் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒன்டாரியோவின் வடமேற்கில், கெனோரா பக்கம், 'எக்ஸ்பெரிமென்டல் லேக்ஸ் ஏரியா' என்று ஆராய்ச்சிக்காகவே ஒதுக்கப்பட்ட சிறு ஏரிகள் உண்டு. 1973-இல் டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானியும் அவர் குழுவினரும் அதில் 226 என்ற எண் கொண்ட ஏரியை நடுவில் திரை போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள். மறுபக்கம் அவற்றோடு பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் விழுந்த பக்கம் பச்சையாக மாறியது, மற்ற பக்கம் தெளிவாகவே கிடந்தது. ஆகாயத்திலிருந்து எடுத்த அந்தப் படம் உலகமெங்கும் பாடப் புத்தகங்களில் வந்தது. பல நாடுகளில் சலவைத் தூளிலிருந்து பாஸ்பேட்டைக் குறைக்க அது வழி செய்தது. அந்த ஏரிகளை இப்போது நிர்வகிக்கும் நிறுவனத்தின் தலைமையகம் இருப்பது எங்கே தெரியுமா? வின்னிபெக்கில். நம் வாசலில் கிடைத்த அறிவை நம் ஊரே இத்தனை ஆண்டுகளாகச் செயலில் காட்டாமல் இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வின்னிபெக்கின் கழிவுநீரில் பெரும்பகுதி மெயின் தெருவின் வடகோடியில் உள்ள நார்த் எண்ட் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. 1937-இல் தொடங்கிய நிலையம் அது. அங்கிருந்து வெளியேறும் நீர் ரெட் நதியில் விழுந்து, செல்கிர்க் வழியாக, நெட்லி லிபாவ் சதுப்பைக் கடந்து ஏரியில் சேருகிறது. நதி ஏரியில் கலக்கும் இடத்துக்கு வடமேற்கே, கொஞ்ச தூரத்தில் இருக்கிறது டன்னட்டார். நம் வீட்டுக் கழிப்பறைக்கும் அந்தப் பாலங்களுக்கும் நடுவே வேறு பெரிய நகரம் ஏதும் கிடையாது.

2002 செப்டம்பரில் அந்த நிலையத்தில் இயந்திரக் கோளாறு ஏற்பட்டு சுமார் 43 கோடி லிட்டர் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமலேயே நதியில் போனது. அதன் பிறகு பொது விசாரணை நடந்தது. வெளியேறும் நீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் பாஸ்பரஸ் இருக்கக் கூடாது, 2014 முடிவுக்குள் அந்த நிலைக்கு வர வேண்டும் என்று மாகாண உரிமத்தில் கெடு வைத்தார்கள். 2014 வந்தது, போனது. வேலை நடக்கவில்லை. நைட்ரஜனையும் சேர்த்து நீக்க வேண்டுமா, பாஸ்பரஸ் மட்டும் போதுமா, பணத்தை மாகாணம் தருமா, மத்திய அரசு தருமா என்று பேசிப் பேசியே வருடங்கள் ஓடின. ஷிண்ட்லர் போன்றவர்கள் முதலில் பாஸ்பரஸைப் பிடியுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அவர் 2021-இல் காலமாகிவிட்டார். நிலையத்தைப் புதுப்பிக்கும் வேலை இப்போது மூன்று கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பாஸ்பரஸை முறையாக நீக்கும் பகுதி மூன்றாவது கட்டம். ஏரிக்கு முதலில் தேவைப்பட்டது கடைசியில் நிற்கிறது.

இதற்கு நடுவில் 2024 பிப்ரவரியில் ஃபோர்ட் கேரி பாலத்தருகே பெரிய சாக்கடைக் குழாய் ஒன்று உடைந்தது. சுமார் 23 கோடி லிட்டர் கழிவுநீர் ரெட் நதியில் கலந்தது. ஏரியைச் சுற்றியுள்ள முதல் குடிகள் (ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் எனப்படும் பழங்குடிச் சமூகங்கள்) பல சேர்ந்து நகரம், மாகாணம், மத்திய அரசு மூன்றின் மீதும் வழக்குப் போட்டன. அந்த மக்களின் கோபத்தை நாம் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். நாம் வாழும் நிலத்துக்காக முதல் குடிகளோடு அரசு செய்த முதல் ஒப்பந்தம் 1871 ஆகஸ்டில் கையெழுத்தான இடம் லோயர் ஃபோர்ட் கேரி. டன்னட்டாருக்குப் போகும் வழியில் நதிக்கரையில் இருக்கும் கல் கோட்டை அது. ஒப்பந்தத்துக்கு முன்பும் பின்பும் அந்த ஏரியின் மீனை நம்பி வாழ்ந்தவர்கள் அவர்கள்.

இன்னொன்றும் உண்டு. நாம் குடிக்கும் தண்ணீர் ரெட் நதியிலிருந்து வருவதில்லை. கிழக்கே, மாகாண எல்லையில் உள்ள ஷோல் ஏரியிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் நீளக் கால்வாய் வழியாக 1919 முதல் வருகிறது. அந்தக் கட்டுமானத்தால் ஷோல் லேக் 40 என்ற முதல் குடி ஊர் தீவாகத் துண்டிக்கப்பட்டது. நமக்குத் தெளிந்த தண்ணீர் வந்துகொண்டிருக்க, அந்த மக்கள் 1997 முதல் 2021 வரை 'தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள்' என்ற எச்சரிக்கையின் கீழேயே வாழ்ந்தார்கள். அவர்களுக்குச் சாலை கிடைத்ததே 2019-இல்தான். ஆக, நம் நகரம் ஓர் ஏரியிலிருந்து நல்ல தண்ணீரை எடுக்கிறது, இன்னோர் ஏரிக்குக் கெட்ட தண்ணீரைத் தருகிறது. இரண்டு கரையிலும் விலை கொடுப்பவர்கள் சிறு ஊர்க்காரர்கள்.

"ஏரியின் பாஸ்பரஸில் வின்னிபெக் சாக்கடையின் பங்கு சிறியதுதானே, விவசாய நிலத்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வருவதுதானே அதிகம்?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். உண்மைதான். ஏரிக்கு வரும் பாஸ்பரஸில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ரெட் நதி கொண்டு வருவது. அதில் பெரும்பகுதி வயல்வெளிகளிலிருந்து வெள்ளத்தோடு வருவது. 1990களுக்குப் பிறகு வெள்ளங்கள் கூடியதும் பாசி கூடியதும் சேர்ந்தே நடந்தன. ஆனால் ஆயிரக்கணக்கான வயல்களில் சிதறிக் கிடக்கும் பாஸ்பரஸைப் பிடிப்பது கடினம். ஒரே குழாய் வழியாக வெளியேறுவதைப் பிடிக்கலாம். ஏரியின் நீர்ப்பிடிப்பில், ஒரே இடத்திலிருந்து வரும் பாஸ்பரஸில் மிகப் பெரிய அளவு நார்த் எண்ட் நிலையத்திலிருந்துதான் வருகிறது. அதைக்கூடச் சரிசெய்யாத நகரம், மினசோட்டா விவசாயியிடம் போய் உரத்தைக் குறை என்று எந்த முகத்தோடு கேட்கும்?

டன்னட்டார் என்ன செய்தது பாருங்கள். அந்த ஊருக்கும் கழிவுநீர் உண்டு. அது ஒரு குட்டையில் தேங்கிச் சுத்தமாகும். அங்கிருந்து வெளியேறும் நீரை வடிகட்டிப் படுகை வழியாக அனுப்பி, பாஸ்பரஸைக் கழித்த பிறகே விடும் எளிய முறை ஒன்றை அந்தக் கிராமம் அமைத்துக்கொண்டது. பெரிய இயந்திரமோ பெரும் செலவோ தேவைப்படாத ஏற்பாடு. அதே முறையில் ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கழிவைச் சுத்தம் செய்ய முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர் தன் பங்கைச் செய்திருக்கிறது. தன்னிடம் வராத வரிப்பணத்தையும், தனக்கு வாக்கே இல்லாத நகர மன்றத்தையும் நம்பி மீதிக்காக அது காத்திருக்கிறது. நகர மன்றத் தேர்தலில் டன்னட்டார்காரருக்கு வாக்கு கிடையாது. நமக்கு உண்டு.

நதி முகத்தில் இருக்கும் நெட்லி லிபாவ் சதுப்பைப் பற்றியும் இரண்டு வார்த்தை. வட அமெரிக்காவின் பெரிய நன்னீர்க் கரைச் சதுப்புகளில் அது ஒன்று. கோரையும் நாணலும் அடர்ந்து நின்று, வரும் தண்ணீரிலிருந்து சத்தை உறிஞ்சி, ஏரியின் சிறுநீரகம் மாதிரி வேலை பார்த்த இடம். 1913-இல் கரையில் வெட்டிய ஒரு கால்வாய் அகன்று அகன்று நதியையே உள்ளே இழுத்துவிட்டது. சதுப்பின் பெரும்பகுதி இன்று திறந்த நீர்ப்பரப்பாகக் கிடக்கிறது. கோரையை அறுத்து எடுத்தால் அதோடு பாஸ்பரஸும் வெளியேறும் என்று அங்கே ஆய்வு நடந்திருக்கிறது. வடிகட்டி பலவீனமானபோது, அதன் மேல் நாம் போடும் சுமையாவது குறைய வேண்டும்.

"நமக்கும் காட்டேஜ்காரர்களுக்கும் என்ன? ஏரிக்கரையில் வீடு வைத்திருப்பவர்கள் பணக்காரர்கள்" என்றும் சிலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்த மேற்குக் கரை உழைப்பாளிகளின் கரையாகவே வளர்ந்தது. 1903 வாக்கில் கனடியன் பசிபிக் ரயில் வந்த பிறகு, வின்னிபெக்கின் தொழிலாளர்கள், கடைக்காரர்கள், உக்ரேனியர், யூதர் என்று யாரும் டிக்கெட் எடுத்து வந்து ஏரியில் இறங்கினார்கள். எதிர்க்கரையில் யூதர்களை ஒதுக்கி வைத்த கோடை ஊர்கூட இருந்தது. ரயில் வந்த இந்தப் பக்கத்தில் புதிதாக வந்த குடியேறிகளுக்கு இடம் கிடைத்தது. வடக்கே கிம்லியில் 1875 அக்டோபரில் ஐஸ்லாந்துக்காரர்கள் கையில் ஒன்றும் இல்லாமல் வந்து இறங்கினார்கள். அடுத்த ஆண்டே பெரியம்மை அவர்களையும் அங்கே முன்பே வாழ்ந்த பழங்குடி மக்களையும் வாரிக்கொண்டு போனது. பிழைத்தவர்களைத் தாங்கியது ஏரி மீன்தான். இன்று நாம் பிக்கரல் மீனை மிளகாய்த் தூள் தடவி வறுக்கிறோமே, அது அந்த ஏரியின் மீன். கூலர் பெட்டியில் பிரியாணியும் மசாலாவில் ஊறிய கோழியும் கொண்டுபோய்க் கரையில் நாள் முழுக்க உட்காருகிறோமே, அதற்கு யாரும் நம்மிடம் வாடகை கேட்பதில்லை. குடியேறிகள் வரிசையில் அந்தக் கரையில் கடைசியாகச் சேர்ந்தவர்கள் நாம். உரிமை வந்த அன்றே கடமையும் வந்துவிட்டது.

சரி, என்ன செய்யலாம்? வீட்டில் செய்யக்கூடியது சிறியது, ஆனால் உண்மையானது. வறுத்த எண்ணெயை சிங்க்கில் ஊற்றாதீர்கள். குழந்தைகளைத் துடைக்கும் ஈரத் தாளைக் கழிப்பறையில் போடாதீர்கள். இரண்டும் குழாயை அடைக்கும். நகரின் பழைய பகுதிகளில் மழைநீரும் சாக்கடையும் ஒரே குழாயில் போகின்றன. பெருமழை வந்தால் நிரம்பி அப்படியே நதியில் வழிந்துவிடும். அதனால் கனமழை நேரத்தில் துணி துவைப்பதைக் கொஞ்சம் தள்ளிப் போட்டாலும் நல்லது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால், லேக் வின்னிபெக் ஃபவுண்டேஷன் நடத்தும் மக்கள் கண்காணிப்பு வலையமைப்பைப் பாருங்கள். சாதாரணக் குடிமக்கள் ஓடைகளில் தண்ணீர் மாதிரி எடுத்து, எங்கிருந்து எவ்வளவு பாஸ்பரஸ் வருகிறது என்று கணக்கெடுக்கிறார்கள்.

பெரிய வேலை வாக்குச் சீட்டில் இருக்கிறது. 2026 அக்டோபர் 28 புதன்கிழமை நகரத் தேர்தல். ஒரு மேயர், பதினைந்து கவுன்சிலர்கள். வாக்குக் கேட்டு வாசலுக்கு வருபவர்களிடம் நாம் வழக்கமாகச் சாலைக் குழி, பனி அள்ளுவது, பஸ் பற்றியெல்லாம் கேட்கிறோம். இந்த முறை இதையும் கேளுங்கள்: "நார்த் எண்ட் நிலையத்தின் மூன்றாவது கட்டம் எந்த ஆண்டு முடியும்? அதுவரை பாஸ்பரஸைக் குறைக்க இடைக்கால ஏற்பாடு என்ன? வெளியேறும் நீரின் அளவீட்டை எங்களுக்குப் புரியும்படி மாதம் தோறும் வெளியிடுவீர்களா?" மழுப்பலான பதில் வந்தால் விடாதீர்கள். ஆண்டைக் கேளுங்கள். குடியுரிமை இன்னும் வராதவர்களும் கேட்கலாம். கவுன்சிலருக்குக் கடிதம் எழுதவும், மன்றக் குழுவின் முன் பேசப் பதிவு செய்யவும் குடியுரிமை தேவையில்லை.

அந்த பில் விஷயத்துக்கும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கட்டண உயர்வை மட்டும் எதிர்க்காதீர்கள். அதை எதிர்ப்பது வேட்பாளருக்கு வசதி. "மக்கள் விரும்பவில்லை" என்று சொல்லி வேலையை இன்னும் பத்து ஆண்டு தள்ளிப் போடுவார்கள். தள்ளிப்போடத் தள்ளிப்போடச் செலவு கோடிகளில் ஏறியதை நாம் பார்த்துவிட்டோம். பணம் தருகிறோம், ஏழைக் குடும்பங்களுக்குச் சலுகை கொடுங்கள், வேலையை எந்த ஆண்டில் முடிப்பீர்கள் என்று சொல்லுங்கள் என்று கேட்பதே சரி.

இந்தக் கேள்விகளை ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒரு பக்கமாக எழுதி வைத்திருக்கிறேன். நம் சங்கத்தின் கோடைச் சந்திப்பில் அச்சடித்துக் கொடுக்கிறேன். வார்டு வாரியாக யார் கவுன்சிலர், யார் போட்டியிடுகிறார்கள் என்ற பட்டியல் தயாரிக்க இரண்டு மூன்று பேர் வேண்டும். முன்வருபவர்கள் அன்று என்னிடம் சொல்லுங்கள். முடிந்தால் ஆகஸ்டில் எல்லோருமாக டன்னட்டாருக்கும் போய்வருவோம். வழியில் நெட்லி சதுப்பையும் பார்க்கலாம்.

அன்புடன்,
வின்னிபெக்கின் வடகிழக்கில் வசிக்கும் ஒரு தமிழ்த் தாய்